முடிக்காத கதையும் முடிவு சொல்லாத கதையும்



பேய்க்கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, 'முடிவு வாசகர் கையில்' என்று போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கீழ்பென்னாத்தூர்ப் பையன் ஒருவன், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், 'விஷுவல் நாவல்' ஒன்று செய்கிறான். தெரியாதவர்களுக்காக: திரையில் படம், பின்னால் இசை, கீழே வரிவரியாகக் கதை. தொடத் தொட நகரும். சில இடங்களில் 'கதவைத் திற', 'திறக்காதே' என்று கேட்கும். நாம் தொடுவதைப் பொறுத்துக் கதை பிரியும். ரென்பை என்ற இலவச மென்பொருளில் தனி ஆளே செய்துவிடலாமாம். இவன் கதை செஞ்சி ரோட்டுப் பக்கம் ஒரு மல்லாட்டைக் கொல்லையில் நடக்கிறது. செத்துப்போன அக்கா ராத்திரியில் தம்பியைக் கூப்பிடுகிறாள். பேயா, தம்பியின் மனப்பிரமையா? மூன்று அத்தியாயம் படித்தேன். அன்றிரவு கிணற்றடிப் பக்கம் போகத் தயக்கமாகத்தான் இருந்தது.

அதோடு இரண்டு வருடமாக நிற்கிறது. படம் வரைந்த நண்பர் வேறு வேலைக்குப் போய்விட்டார். இருக்கிற வரைக்கும் விலை வைத்து விற்றுவிடலாம், பேயா பிரமையா என்பதைப் படிக்கிறவர்களே முடிவு செய்யட்டும் என்கிறான். "புதுமைப்பித்தனே காஞ்சனையில சொல்லலையே சார்" என்று என்னையே மடக்கப் பார்த்தான்.

சொல்லவில்லைதான். பிச்சை கேட்டு வந்து வேலைக்காரியாகத் தங்கும் அந்தப் பெண் பேயா, கதை சொல்லும் எழுத்தாளரின் பிரமையா என்று கடைசிவரை பிடிபடாது. ஆனால் அது முடிந்த கதை. நம்பவும் விடாமல், தள்ளவும் விடாமல் ஒவ்வொரு வரியும் அமைந்திருக்கிறது. அந்தச் சந்தேகத்தைத்தான் அவர் நமக்குத் தருகிறார். இவன் கதையில் மூன்றாம் அத்தியாயத்தில் கிணற்றிலிருந்து ஒரு கொலுசு வருகிறது. யாருடையது என்று கேட்டேன். அவனுக்கே தெரியாதாம், சிரிக்கிறான்! கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு 'விடை உங்கள் விருப்பம்' என்று எழுதினால் நான் மார்க் போட்டிருப்பேனா?

பகுதி பகுதியாக வெளியிடுவதைக் குறை சொல்லவில்லை. தொடர்கதையில் வளர்ந்தவர்கள் நாம். 1990களில் சன் டிவியில் 'விடாது கருப்பு' வந்தபோது, சாமியா, மனநோயா என்று பள்ளியில் மதிய இடைவேளை முழுக்க அடித்துக்கொண்டோம். விடை வந்தது. ஜப்பானில் 'ஹிகுராஷி' என்ற விஷுவல் நாவலின் முதல் பகுதி 2002 ஆகஸ்டில் வந்தது, எட்டாவது 2006 ஆகஸ்டில். முதல் நான்கில் கேள்விகள்தான்; ஊர்ச் சாபமா, மனிதர் வேலையா என்று வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பின் நான்கில் விடை.

எழுதுகிறவரே மறைந்துவிட்டால் அது வேறு. 1870-ல் டிக்கன்ஸ் இறந்தபோது, பன்னிரண்டு பகுதியாகத் திட்டமிட்ட 'எட்வின் ட்ரூட்' மர்மக்கதை ஆறோடு நின்றது. இன்றுவரை ஆளுக்கொரு முடிவு சொல்கிறார்கள். 1954-ல் கல்கி மறைந்தபோது 'அமரதாரா' பாதியில் இருந்தது; அப்பாவின் குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி முடித்தார். குறிப்பு இருந்ததே, அதைக் கவனியுங்கள்.

இவனுக்கு நான் சொன்னது இதுதான். மூன்று அத்தியாயத்தையும் இப்போதே வெளியிடு. 'முதல் பாகம்' என்று போடு. காசு வாங்காதே. கொலுசு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி வை.

உங்களில் கிணறு, கொல்லை, இருட்டு எல்லாம் வரையத் தெரிந்தவர்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். சம்பளத்தை அவனிடமே பேசிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை முதலில் காட்டச் சொல்லுங்கள்.