அனுதாப மதிப்பெண் வேண்டாம்

ஹந்தானை மலையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகம். பழைய எந்திரங்களைத் துடைத்து மெருகேற்றி நிறுத்தியிருக்கிறார்கள். ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் அங்கே உண்டு. அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக் கழகம். மலையிலிருந்து இறங்கி வருகையில் எனக்கோர் ஐயம் எழுந்தது: நமது தமிழ் வகுப்பறைகளும் இத்தகைய கண்ணாடிப் பேழைகளாகிவிட்டனவோ? அவற்றுள் ஒன்றில்தான் தெளிவத்தை ஜோசப்பை வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

1934இல் பதுளைப் பகுதித் தோட்டமொன்றில், தோட்டப் பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர் அவர். தாம் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே புனைபெயரில் ஏற்றார். பின்னர் கொழும்பில் கணக்கெழுதிப் பிழைத்தார். எழுத்து அவருக்குச் சோறு போடவில்லை. (நம் எழுத்தாளரில் யாருக்குத்தான் போட்டது?)

'தொழிலாளியைப் பற்றி எழுதினால் அது பிரசாரம்' என்று ஒதுக்கிய தூய கலை உபாசகர்களை நாம் அறிவோம். அவர்களோடு சண்டையிட்டு வென்றோம் என்று மார்தட்டுகிறோம். வென்றபின் செய்தது என்ன? 'மலையக எழுத்தாளர்' என்று முத்திரை குத்தி, அனுதாப மதிப்பெண் போட்டு, கதையைச் சாட்சிப் பத்திரமாக்கினோம். லயத்தின் நீள அகலத்தை அறியக் கதை எதற்கு? அளவுநாடா போதுமே!

'மீன்கள்' கதையைப் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றை அறைக்குள் அடைபட்ட கணவன் மனைவிக்கு அந்தரங்கம் என்பதே இல்லை. கோஷம் எதுவுமின்றி அந்த வெட்கத்தை நம்மீது ஏற்றிவிடுகிறார் ஜோசப். இதுவல்லவா கலை?

1948இன் குடியுரிமைச் சட்டம் ஒரு மக்கட்கூட்டத்தை நாடற்றதாக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். அதன் பின் 1979இல் வந்த தொகுதிக்கு 'நாமிருக்கும் நாடே' என்று பெயரிட்டாரே, அந்தத் தலைப்பின் கசப்பு எந்தச் சட்டநூலில் உண்டு? 'குடை நிழல்' நாவலிலோ தோட்டம் பின்னுக்குச் செல்கிறது. இனவெறிக் காலத்துத் தலைநகரில் தமிழனைத் தொடரும் அச்சம் முன்னே நிற்கிறது. முத்திரை குத்தியவர்கள் இதை எந்தப் பேழையில் வைப்பார்கள்?

தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது 2013இல் வந்தபோது அவருக்கு வயது 79. 2022இல் மறைந்தார். அஞ்சலிக் கூட்டங்கள் நடந்து முடிந்தன.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த வாரம் 'மீன்கள்' கதையை வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். முதல் அரைமணி நேரம் 'மலையகம்' என்ற சொல்லை மட்டும் உச்சரிக்காதீர்கள். மாணவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.