கத்தரித்த வேதாகமமும் ஒரு பாட்டியும்

1807இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளில் ஆங்கிலேயரிடம் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்கென்றே தயாரிக்கப்பட்டது அது. பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கு அதில் இல்லை. புதிய ஏற்பாட்டில் பாதி இல்லை. எகிப்தின் அடிமைகளை மோசே மீட்டுவந்த கதையை எடுத்துவிட்டார்கள். கிறிஸ்துவுக்குள் அடிமை, சுதந்திரர், ஆண், பெண் என்ற பேதமில்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதையும் எடுத்துவிட்டார்கள். அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியருக்கு எழுதியது மட்டும் பத்திரமாக இருந்தது.

இன்று அமெரிக்கச் சபைகளில் நிறவெறியைப் பற்றிக் கறுப்பினப் பெண் வாய் திறந்தால், அதே கலாத்தியர் வசனத்தைக் கொண்டே அவள் வாயை அடைக்கிறார்கள். "கிறிஸ்துவுக்குள் இனம் ஏது? ஏன் பிரிக்கிறீர்கள்?" பிரித்தது யார்? அவளுக்குத் தேவைப்பட்டபோது அந்த வசனத்தை மறைத்தவர்களின் வாரிசுகள், இப்போது அதை அவளுக்கே போதிக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், "அது வெள்ளைக்காரன் மதம், உனக்கெதற்கு?" என்று கேட்பவர்கள். முற்போக்காகத் தெரியும் இந்தக் கேள்வியும் அவளை அவமதிக்கிறது. எஜமான் கொடுத்ததை அப்படியே விழுங்கியவள் என்றுதான் இவர்களும் அவளை நினைக்கிறார்கள்.

அப்படி விழுங்காத ஒருத்தியை நமக்குத் தெரியும். இறையியலாளர் ஹோவர்ட் தர்மனின் பாட்டி நான்சி அம்ப்ரோஸ், அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரன்தான் அவருக்கு வேதாகமம் வாசிப்பான். ஆனால் பவுலின் நிருபங்களை வாசிக்க விடமாட்டார். அன்பைப் பற்றிய கொரிந்தியர் அதிகாரத்துக்கு மட்டும் எப்போதாவது அனுமதி. தோட்டத்தில் எஜமான் அழைத்துவந்த வெள்ளைப் போதகர், கீழ்ப்படியச் சொல்லும் பவுலைத்தான் திரும்பத் திரும்பப் பிரசங்கித்தார். விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை என்று பாட்டி அன்றே முடிவெடுத்திருந்தார். விசுவாசத்தை அவர் விடவில்லை. எஜமானின் வாசிப்பை விட்டார்.

கறுப்பின ஆண்களும் இதில் தப்ப முடியாது. பிலடெல்பியாவில் வெள்ளையர் சபையின் அவமதிப்பைத் தாங்காமல் வெளியேறியவர் ரிச்சர்ட் ஆலன். பிரசங்கிக்கத் தனக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று ஜரீனா லீ அவரிடம் சொன்னபோது, பெண்களுக்குச் சபை விதியில் இடமில்லை என்றார். சில ஆண்டுகள் கழித்து, 1819இல்தான் அனுமதித்தார். அவர் 1816இல் தொடங்கிய ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை தன் முதல் பெண் பேராயரைத் தேர்ந்தெடுக்க 2000 வரை ஆனது. இனத்தின் பெயரால் கேட்ட நியாயத்தை, பெண் கேட்டபோது ஒத்திப்போட்டார்கள்.

கறுப்பினப் பெண்ணிடம் "நீ முதலில் கிறிஸ்தவளா, கறுப்பினத்தவளா?" என்று கேட்பதை நிறுத்துவோம். அவள் பிரித்து வைத்த கேள்வி அல்ல அது. வேதாகமத்தைக் கத்தரித்தவர்களிடமும், பிரசங்க பீடத்தைப் பூட்டியவர்களிடமும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அவர்களிடம் கேட்போம்.