கல்லூரி என்ற பெயரில் ஒரு பள்ளி

புதுச்சேரி மிஷன் வீதியில் கலவைக் கல்லூரியைப் பார்க்கும் வெளியூர் நண்பர்கள், "இங்கே என்ன பட்டப்படிப்பு இருக்கிறது?" என்று கேட்பார்கள். பிரெஞ்சில் 'கொலேஜ்' என்றால் இடைநிலைப் பள்ளி. அதை நம்மவர்கள் கல்லூரி என்று ஆக்கிவிட்டார்கள். நடப்பது பள்ளிதான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலவை சுப்பராய செட்டியார் தொடங்கிய பள்ளி இது. அரசு 1826-இல் நிறுவிய பள்ளி, இன்றைய லிசே, ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் உள்ளூர்க்காரர் ஒருவர் உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக முன்வந்தார் என்பதில்தான் இதன் பெருமை. பாரதிதாசன் இங்கே படித்தவர். 1909-இல் நிரவியில் ஆசிரியர் வேலைக்குப் போனார்.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி மாறியது. அதற்குப் பிறகும் பிரெஞ்சு வழி வகுப்புகள் நின்றுவிடவில்லை. என் வயதுக்காரர்கள் செர்த்திபிகா, பிரவே எழுதித்தான் அரசு வேலைக்கு வந்தோம். பின்னர் புதுவைக்கும் காரைக்காலுக்கும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹேக்குக் கேரளத்தினுடையது, ஏனாமுக்கு ஆந்திரத்தினுடையது என்று ஆனது. இப்போது அரசுப் பள்ளிகளுக்கு சி.பி.எஸ்.இ. வந்துவிட்டது. பாடப்புத்தகம் எத்தனை முறை மாறினால் என்ன, இப்படிப்பட்ட கட்டடம் மறுபடி கிடைக்காது.

சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த சுவர், உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம் என்று அந்தக் காலத்தில் கட்டினார்கள். மச்சுக்கு நெருக்கமாக மரக்கட்டைகளை அடுக்கி, மேலே சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக வைத்துச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். மின்விசிறி இல்லாமலே மதிய வகுப்பு நடக்கும். அதற்கு ஒரே எதிரி தண்ணீர். மாடிக் குழாய் அடைத்துக்கொண்டால், சுவரில் அரசங்கன்று முளைத்தால், சுவருக்குள் இருக்கும் உத்தரத்தின் முனை ஊறி உளுத்துப்போகும். 2014 நவம்பர் மழையில் நம் மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். அதே தோற்றத்தில் மறுபடி கட்டித் திறக்க 2021 ஆகிவிட்டது.

குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். புதுக் கட்டடத்துக்கான கோப்பு ஓடும். பராமரிப்புக்கான கோப்பு உட்காரும். நிதியைக் குறைக்கச் சொன்னால் முதலில் கை வைப்பதும் பராமரிப்பில்தான். அதற்குத் திறப்பு விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

இப்படிப்பட்ட பழைய பள்ளிகளை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டால் பத்திரமாக இருக்கும் என்கிறார்கள் சிலர். நான் ஒப்பவில்லை. பிள்ளைகள் உட்காரும் அறையில் ஒழுகினால் அன்றைக்கே தெரிந்துவிடும். பூட்டிய அறையில் உத்தரம் விழுந்த பிறகுதான் தெரியும். கழிப்பறை, ஆய்வுக்கூடம், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எல்லாம் இன்றைக்கு வேண்டியவை, மறுக்கவில்லை. பழைய சுவரை உடைக்காமல் அவற்றைத் தனியே கட்டலாம்.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னால் மாடியைக் கூட்டி, குழாய் அடைப்பை எடுத்து, முளைத்த செடியை வேரோடு பிடுங்க வேண்டும். இதற்கு உலகவங்கிக் கடன் வேண்டாம். ஒரு ஏணியும் இரண்டு ஆட்களும் போதும். பழைய மாணவர்கள் புரட்டாசியிலேயே போய், "ஆயிற்றா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். கேட்க ஆள் இருந்தால் கோப்பும் கொஞ்சம் நகரும்.