அடுத்த வரிக் குறைப்புக்கு முன் 2019-இன் கணக்கைக் காட்டுங்கள்

மாண்புமிகு ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர்களுக்கு,

2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. பனாஜியில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடுவதற்கு முன் செய்தியாளர்களைச் சந்தித்த தாங்கள், கார்ப்பரேட் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தீர்கள். அக்டோபர் 1 முதல் தொடங்கப்படும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம்தான் என்றும் சொன்னீர்கள். அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 1,921 புள்ளிகள் ஏறியது. அந்த முடிவால் அரசு விட்டுக்கொடுக்கும் வருவாய் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் என்று தாங்களே குறிப்பிட்டீர்கள்.

அதே செப்டம்பரில் எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையில் 16 நாட்கள் உற்பத்தி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஓசூரில் 5 நாட்கள். லாரி வாங்க ஆளில்லை. அதற்கு முந்தைய மாதம் நாடு முழுவதும் பயணிகள் வாகன விற்பனை, ஓராண்டுக்கு முன்பு இருந்ததைவிட 31 சதவீதத்துக்கும் மேல் சரிந்திருந்தது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுகூடப் பழையபடி விற்கவில்லை, இப்படியே போனால் 10,000 பேர் வரை வேலை இழக்க நேரிடும் என்றது பார்லே நிறுவனம். ஏப்ரல்–ஜூன் காலாண்டின் வளர்ச்சி 5 சதவீதம் என்று அரசின் புள்ளிவிவரம் சொன்னது. ஆறு ஆண்டுகளில் அவ்வளவு தாழ்வாக அது இறங்கியதில்லை.

பொருளாதாரம் எங்கே அடைபட்டிருந்தது என்பது இந்தச் செய்திகளிலேயே தெரிகிறது. வாங்க வேண்டியவர் கையில் பணமில்லை. ஆலைகளின் உற்பத்தித் திறனில் ஏறத்தாழ 30 சதவீதம் பயன்படாமல் கிடப்பதாக ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பு காட்டியது. இருக்கிற இயந்திரமே ஓடாதபோது, லாபத்தின் மீதான வரி குறைந்தது என்பதற்காக எந்த முதலாளியும் இன்னொரு இயந்திரம் வாங்கிப் போடமாட்டார். மிச்சமாகும் பணத்தில் பழைய கடனை அடைப்பார், மீதியைக் கையிருப்பாக வைத்துக்கொள்வார். அதில் தவறும் இல்லை. அது அவருடைய தொழில் விவேகம்.

அப்படித்தான் நடந்தது என்பதற்குச் சான்று அரசுத் தரப்பிலேயே இருக்கிறது. 2020 ஆகஸ்டில் வெளிவந்த ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை, வரிக் குறைப்பால் மிச்சமான தொகையை நிறுவனங்கள் கடனை அடைக்கவும் ரொக்க இருப்பைக் கூட்டவும் பயன்படுத்தின, புதிய முதலீட்டில் போடவில்லை என்று எழுதியது. அடுத்து வந்தது தங்கள் அமைச்சகத்தின் பொருளாதார ஆய்வறிக்கை. 33,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணக்கைப் பார்த்து, 2020 நிதியாண்டுக்கும் 2023 நிதியாண்டுக்கும் இடையே அவற்றின் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ நான்கு மடங்காகியிருப்பதாக 2023-24 ஆய்வறிக்கை சொன்னது. ஆளெடுப்பும் ஊதியமும் அதற்கு ஈடாக வளரவில்லை என்றும் சேர்த்தே சொன்னது. மறு ஆண்டின் அறிக்கை இன்னும் கூர்மையானது: 2024 நிதியாண்டில் பெரிய நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் கூடியபோது, அவற்றின் வேலைவாய்ப்பு கூடியது 1.5 சதவீதம்தான்.

யாருக்கு அந்தச் சலுகை போய்ச் சேரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். திருப்பூரின் ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் கோவையின் லேத் பட்டறைகளும் சிவகாசியின் அச்சகங்களும் பெரும்பாலும் தனிநபர் பெயரிலோ பார்ட்னர்ஷிப்பாகவோ நடப்பவை. அவை கம்பெனிகளாகப் பதிவானவை அல்ல. பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கான வருமான வரி அன்றும் 30 சதவீதம், அறிவிப்புக்குப் பிறகும் 30 சதவீதம். ஆண்டு விற்றுமுதல் 400 கோடி ரூபாய் வரையுள்ள கம்பெனிகளுக்கு 2019 ஜூலை பட்ஜெட்டிலேயே 25 சதவீத வரியைத் தாங்கள் கொடுத்துவிட்டீர்கள். ஆகவே செப்டம்பர் அறிவிப்பின் பெரும்பலன் அந்த வரம்புக்கு மேலே இருந்த மிகப் பெரிய நிறுவனங்களுக்கே போனது. மந்தநிலையில் முதலில் ஷட்டரை இறக்கும் பட்டறைக்காரருக்கு அதில் ஒரு காசும் இல்லை. லாபமே இல்லாத ஆண்டில் லாபத்தின் மீதான வரி எவ்வளவு குறைந்தாலும் அவருக்கு என்ன?

2019-20 பட்ஜெட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 60,000 கோடி ரூபாய். விட்டுக்கொடுத்த 1.45 லட்சம் கோடி அதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். கூலியாகக் கொடுக்கும் பணம் அந்த வாரமே மளிகைக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் போய்விடும். தேங்கிக் கிடந்த பிஸ்கட்டை வாங்கியிருக்கக்கூடிய கைகள் அவைதான்.

தங்கள் தரப்புக்கும் நியாயம் உண்டு. சீனாவிலிருந்து வெளியேற நினைத்த ஆலைகளை வியட்நாமும் தாய்லாந்தும் 20 சதவீத வரியோடு அழைத்துக்கொண்டிருந்தன. இந்தியா 30 சதவீதத்தில் நின்று போட்டியிட முடியாது என்ற கவலை உண்மையானது. அறிவிப்பு வந்து ஆறே மாதத்தில் கொரோனா ஊரடங்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. 2018-19-இல் 6.6 லட்சம் கோடியாக இருந்த கார்ப்பரேட் வரி வசூல், 2020-21-இல் சுமார் 4.6 லட்சம் கோடிக்கு இறங்கினாலும், 2023-24-இல் 9 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. நீண்டகாலப் போட்டித் திறனுக்கான சீர்திருத்தம் என்றால் அதை அப்படியே வாதிடலாம். ஆனால் அது மந்தநிலைக்கான மருந்தாகவும் நாட்டுக்கு முன்வைக்கப்பட்டது. மருந்து என்ற கணக்கில் அது வேலை செய்யவில்லை.

குறைந்த வருவாயை வேறு யாரோ ஈடுகட்ட வேண்டியிருந்தது என்பதுதான் இதில் அதிகம் வலிக்கும் பகுதி. 2020 மே மாதம் பெட்ரோல் மீதான ஒன்றிய வரி லிட்டருக்கு 10 ரூபாயும் டீசல் மீதானது 13 ரூபாயும் உயர்த்தப்பட்டன. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை விழுந்ததன் பலன் ஷேர் ஆட்டோ ஓட்டுபவரையும் மீன்பிடி விசைப்படகுக்காரரையும் எட்டவே இல்லை. அந்த உயர்வு முழுவதும் செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயர்களில் வந்ததால் மாநிலங்களுக்கும் அதில் பங்கு கிடையாது. ஓரிடத்தில் குறைந்த வரி இன்னோரிடத்தில் ஏறியது. ஏறிய இடத்தில் இருந்தவர்கள் ஏழைகள்.

வேறு வழியும் அரசுக்குத் தெரிந்தே இருந்தது. 2008 டிசம்பரில், உலக நிதி நெருக்கடியின்போது, மன்மோகன் சிங் அரசு உற்பத்தி வரியை 14 சதவீதத்திலிருந்து 10 ஆகவும் பிறகு 8 ஆகவும் குறைத்தது. அது பொருளின் விலையிலேயே பிடிபடும் குறைப்பு. பிரிட்டன் அதே டிசம்பரில் வாட் வரியை 17.5-இலிருந்து 15 சதவீதமாக்கியது. அதுவும் 13 மாதத்துக்கு மட்டும், முடியும் தேதியை முன்னரே சொல்லி. தேதி தெரிந்தால் நாளை வாங்க நினைத்ததை மக்கள் இன்றே வாங்குவார்கள். அரசுக்கும் வருவாய் நிரந்தரமாகப் போகாது. நம் நாட்டில் அந்தக் கடைசிப் பகுதி பிசகியது. சலுகைகளைத் திரும்பப் பெறத் தாமதமானது. செலவுகளும் சேர்ந்துகொள்ள, 2009-10-இல் ஒன்றிய அரசின் நிதிப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 6.5 சதவீதத்தை எட்டியது. பின்னாலேயே விலைவாசி ஏறியது.

கணக்குப் பார்க்காமல் குறைத்தால் என்னவாகும் என்பதற்குப் பாக் நீரிணையின் மறுகரையே சாட்சி. தாங்கள் பனாஜியில் பேசி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கோத்தபய ராஜபக்ச அரசு வாட் வரியை 15-இலிருந்து 8 சதவீதமாக்கியது. வாட் பதிவுக்கான ஆண்டு விற்றுமுதல் வரம்பு 1.2 கோடி இலங்கை ரூபாயிலிருந்து 30 கோடிக்கு ஒரேயடியாகத் தாவியது. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின் சோர்ந்திருந்த பொருளாதாரத்தை நிமிர்த்தவே இது என்றார்கள். இரண்டு ஆண்டுகளில் வரி வருவாய் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே போனது. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. கொரோனாவும் சுற்றுலா முடக்கமும் ரசாயன உரத் தடையும் சேர்ந்தே அந்த வீழ்ச்சியைக் கொண்டுவந்தன என்றாலும், கஜானா முன்பே காலியாகியிருந்தது. இன்று அங்கே வாட் 18 சதவீதம். 2019-இன் சலுகையில் பெரும்பங்கை அனுபவித்தவர்கள் வேறு; இன்று மலையகத்தின் லயன் வீட்டில் இருந்துகொண்டு அந்த 18 சதவீதத்தைக் கட்டுபவர்கள் வேறு.

நம் நாட்டில் 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட் மீதான ஜிஎஸ்டி 18-இலிருந்து 5 சதவீதமாகியிருக்கிறது. வாங்குபவர் கைக்கு நேராகப் போகும் இந்தக் குறைப்பு மனமார வரவேற்கத்தக்கது. 2019-இல் ஆலைகள் கேட்டதும் ஏறத்தாழ இதையேதான். ஆறு ஆண்டுகள் தாமதம். இதனால் வரும் இழப்பில் மாநிலங்களுக்கும் பங்கு உண்டு, ஈடு கொடுங்கள் என்று தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்கள் கேட்டதற்கு இன்னும் உருப்படியான பதில் இல்லை. 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்ற அறிவிப்பு நடுத்தரக் குடும்பங்களுக்கு உதவும்தான். ஆனால் 140 கோடிப் பேரில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்பவர்களே சுமார் 9 கோடி.

தங்களிடம் வைக்கும் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு பட்ஜெட்டுடனும் வரிச் சலுகைகளால் விட்டுக்கொடுக்கப்படும் வருவாய்க்கென ஓர் இணைப்பு வெளியாகிறது. 2019 குறைப்பால் நிறுவனங்களுக்கு ஆண்டுவாரியாக எவ்வளவு மிச்சமானது, அதில் எவ்வளவு புதிய ஆலையாக நின்றது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதைத் துறைவாரியாக அந்த இணைப்பில் சேருங்கள். நாடாளுமன்றத்தில் அதன் மீது ஒரு நாள் முழுக்க விவாதம் நடக்கட்டும். இனி மந்தநிலையின் பெயரால் நிறுவனங்களுக்குச் சலுகை தருவதானால், புதிய முதலீட்டையும் புதிய ஆளெடுப்பையும் காட்டுவோருக்கு மட்டும், முடியும் தேதியோடு தாருங்கள். பார்ட்னர்ஷிப் பட்டறைகளையும் அதில் சேருங்கள். மாநிலங்களின் பங்கைத் தொடும் எந்தக் குறைப்புக்கும், அறிவிக்கும் அன்றே ஈட்டுத்தொகையையும் அறிவியுங்கள்.