குளிசையைத் தந்தால் போதுமா? எதோடு சாப்பிடக் கூடாது என்று சொல்ல வேண்டாமா?



காசநோய்க்கு மருந்து எடுக்கும் ஒருவர் பலயா மீன் சாப்பிடுகிறார். முகம் சிவக்கிறது, தலை இடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. நாங்கள் என்ன சொல்கிறோம்? "இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்காது, விட்டுடுங்க." ஆறு மாத மருந்தை இடையில் விட்டால் நோய் திரும்பும், வீட்டாருக்கும் தொற்றும். இந்தப் பாவம் யாரைச் சேரும்?

இது புதுக் கதை அல்ல. நம் நாட்டு வைத்தியர் சி.ஜி. உரகொடவும் எஸ்.ஆர். கொட்டேகொடவும் 1977இலேயே இதை எழுதிவிட்டார்கள். ஐசோனியசிட் என்ற குளிசை, உடம்பில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுக்கிறது. பலயா, கெலவல்லா ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் பெருகும். கறி ஆக்கினாலும் அது போகாது. ஆகவே விட வேண்டியது மீனை, மருந்தை அல்ல! இலங்கையில் கண்டறிந்த உண்மை நம் தெருவுக்கு வர இத்தனை வருடம் போதவில்லையா?

இன்னும் கேளுங்கள். கர்ப்பிணித் தாய்க்கு இரும்புச்சத்துக் குளிசை தருகிறார்கள். அதை விழுங்கிய கையோடு பிளேன்டீயும் குடிக்கக் கொடுக்கிறோம். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. சீனி வருத்தத்துக்குக் குளிசையும் போட்டு, கொத்தல ஹிம்புட்டுக் கசாயமும் குடித்தால் சீனி அளவுக்கு மேல் இறங்கி மயக்கம் வரலாம். கிளினிக்கில் டொக்டர் கேட்டால் மட்டும், "வேறு ஒண்டும் எடுக்கல்ல" என்கிறோம். ஏன் இந்தப் பொய்?

"இயற்கையானது கெடுதி செய்யாது" என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களே, அலரி விதையும் இயற்கைதான்!

குற்றம் நம்மிடம் மட்டும் இல்லை. தமிழ் 1987இலிருந்து ஆட்சி மொழி. ஆனால் நம் வாப்பாமாரும் உம்மாமாரும் கொண்டு வரும் மருந்து உறையில் தமிழில் ஒரு சொல் உண்டா? படிக்க முடியாதவருக்கு வாயாலாவது சொல்ல வேண்டாமா?

அதனால் இனி மருந்து வாங்கும் இடத்தில் மூன்று கேள்வி கேட்காமல் நகராதீர்கள்: சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? எதைச் சாப்பிடக் கூடாது? நான் எடுக்கும் மற்ற மருந்தோடும் கசாயத்தோடும் இது சேருமா? வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் வகுப்பில் இதைச் சொல்கிறோம். பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் தந்தால் அங்கேயும் சொல்வோம். தருவீர்களா?