ஓரியின் மலைக்கு எதுக்குய்யா மேக்புக்?

"கொல்லிமலைப் பாட்டையெல்லாம் பதிவு செய்யணுமா? மேக்புக் வேணும், விலை உசந்த சவுண்ட் கார்டு வேணும், சென்னையில ஸ்டுடியோ வேணும்." இப்படிச் சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கிறது. சுத்தப் பேத்தல்!

செம்மேட்டுப் பக்கத்துப் பாட்டி ஒருவரை 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கொண்டுபோய், ஏசி அறையில் உட்காரவைத்து, "நடவுப் பாட்டு பாடுங்க" என்றால் என்ன வரும்? தலைசுற்றல்தான் வரும். பாணர்களுக்கு வாரிக் கொடுத்த வல்வில் ஓரியின் மலை அது. பாடுகிறவரைத் தேடித்தான் போகவேண்டும்.

அதற்கு எந்தப் பழைய விண்டோஸ் லேப்டாப்பும் போதும். 2011ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப் வீட்டில் தூங்குகிறதா? அதுவே போதும். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டதே என்று பதறவும் வேண்டாம். ரெக்கார்டிங்குக்கு நெட்டே தேவையில்லை.

அடுத்து, இந்த "லேட்டன்சி" பூச்சாண்டி. ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டே, முன்பே பதிந்த இசையோடு சேர்ந்து பாடுகிறவருக்குத்தான் தாமதம் பிரச்சினை. திண்ணையில் உட்கார்ந்து தனியாகப் பாடும் பாட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை! ஆனால் ஊரெல்லாம் பஃபரை 64 சாம்பிளுக்குக் குறைக்கச் சொல்கிறார்கள். பழைய மெஷின் திணறி, பாட்டு நடுவில் 'டிக் டிக்' என்று அறுபடும். 1024 வையுங்கள். தாமதம் சுமார் 23 மில்லி செகண்ட். யாருக்கு நஷ்டம்?

வைஃபை, ப்ளூடூத் இரண்டையும் அணையுங்கள். வைஃபை ட்ரைவர் இடையிடையே ப்ராசஸரைப் பிடித்துக்கொள்வதும் அறுபடுவதற்கு ஒரு காரணம். பவர் சேவர், யுஎஸ்பி சஸ்பெண்ட், விண்டோஸின் 'டிங்' சத்தம் எல்லாம் ஆஃப். சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் பல நேரம் 'ம்ம்ம்' இரைச்சலும் போய்விடும். (பேட்டரி செத்த லேப்டாப் என்றால் கஷ்டம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும்.)

எல்லாவற்றையும்விட முக்கியம், மைக் ப்ராப்பர்டீஸில் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று ஒன்று இருக்குமே, அதை அணைப்பது. நாய்ஸ் சப்ரஷன் பேச்சுக்காகச் செய்தது. நீட்டி இழுக்கும் ராகத்தையும் பறையின் அதிர்வையும் இரைச்சல் என்று நினைத்து நறுக்கிவிடும். அப்படி நறுக்கியதை எந்த மேக்புக்காலும் திருப்பி ஒட்டமுடியாது.

காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் மைக்குக்குச் செலவழியுங்கள். லேப்டாப்பில் இருக்கும் மைக் ஃபேன் சத்தத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். நீளமான ஒயர் போட்டு மைக்கைப் பாடுகிறவர் பக்கம் தள்ளிவையுங்கள். ஆடாசிட்டி இலவசம்.

காமர்ஸ்காரர்களுக்கு ஒரு கணக்கு: 44,100 சாம்பிள், 16 பிட், மோனோ என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 5.3 எம்பி. 4 ஜிபி பென் டிரைவில் 12 மணி நேரப் பாட்டு அடங்கும். அதில் ஒரு காப்பி போட்டுப் பாட்டியின் பேரன் கையில் கொடுத்துவிட்டு மலை இறங்குங்கள்.