புள்ளி என்னும் பிரமை

சேத்தியாத்தோப்பிலும் வடலூரிலும் நெய்வேலி நகரியத்தின் வட்டங்களிலும் இருந்துகொண்டு, மாதம் ஒரு முறையோ இரு முறையோ சென்னைக்குப் போய்வரும் கனவான்களிடையே அண்மைக் காலத்தில் ஓர் அபிப்பிராயம் வேரூன்றி, ஏறக்குறைய ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. பட்டணத்துக்குப் போனால் உலகமெங்கும் கிளை பரப்பியுள்ள பெரிய ஹோட்டல் ஒன்றில்தான் அறை எடுக்க வேண்டும். அதிலும் எப்போதும் ஒரே கம்பெனியின் ஹோட்டலாகவே பார்த்து எடுக்க வேண்டும். எடுத்தால் புள்ளிகள் சேரும், புள்ளிகள் சேர்ந்தால் மரியாதை கூடும், என்றேனும் ஒரு நாள் அறையே இலவசமாகக் கிடைக்கும். போதாக்குறைக்கு, ஹோட்டல் இருப்பதோ நகரின் நடுமையத்தில் என்பது அந்தச் சித்தாந்தம். இதைச் சொல்கிறவர்கள் படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், காய்கறிக் கடையில் ஐந்து ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசக்கூடியவர்கள் என்பதனாலேயே இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. புள்ளிக்காக அறை எடுப்பவர் தம் பணத்தைக் கொடுத்துத் தமக்கே பரிசு வாங்கிக்கொள்கிறார் என்பதும், நடுமையம் என்று நம்பி எடுப்பவர் தம் காரியம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறார் என்பதும் என் கட்சி.

இந்தப் புள்ளி வழக்கம் எங்கே, எதற்காகப் பிறந்தது என்பதைப் பார்த்தாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும். அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடு நீங்கி, கம்பெனிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கட்டணத்தைக் குறைக்கத் தொடங்கிய காலத்தில், எல்லா விமானத்திலும் இருக்கை ஒன்றுதானே என்று பிரயாணிகள் விலை மலிந்த இடத்துக்கு ஓடிவிடுவதைத் தடுக்கும் உபாயமாக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் தன் மைலேஜ் திட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1983-இல், ஹாலிடே இன்னும் மாரியட்டும் அதே உபாயத்தை ஹோட்டல் அறைக்குப் பிரயோகித்தன. வாடிக்கைக்காரர் விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை மறக்க வேண்டும் என்பதே இதன் மூல நோக்கம். அவருக்கு லாபம் கிடைக்க வேண்டும் என்பதன்று. விலை கேட்காத வாடிக்கைக்காரரைப்போல வியாபாரிக்குப் பிரியமானவர் வேறு யார்?

இனிக் கணக்கைப் பார்ப்போம். சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலின் அறை வாடகை எட்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 7,500 ரூபாயைத் தாண்டிவிட்டபடியால் அதன்மேல் ஜி.எஸ்.டி. நூற்றுக்குப் பதினெட்டு, அதாவது 1,440 ரூபாய் சேர்ந்து, மொத்தம் 9,440 ரூபாய் ஆகிறது. மாரியட்டின் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலருக்குப் பத்துப் புள்ளி என்பது ஆரம்ப உறுப்பினரின் விகிதம். வரித்தொகைக்குப் புள்ளி கிடையாது. கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று டாலருக்கு எண்பது ரூபாய் என்று கொண்டால், எட்டாயிரம் ரூபாய்க்கு ஆயிரம் புள்ளி வருகிறது. ஒரு புள்ளியைச் செலவழிக்கும்போது அது பொதுவாக ஒரு சென்ட்டுக்கும் குறைவாகவே பெறும் என்பதால், அந்த ஆயிரம் புள்ளியும் சேர்ந்து எண்ணூறு ரூபாயைத் தொடாது. எழும்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஓர் ஒழுங்கான லாட்ஜில் 2,500 ரூபாய்க்கு அறை எடுத்தால், இப்போதுள்ள ஐந்து சதவீத வரி 125 ரூபாயும் சேர்த்து 2,625 ரூபாயோடு காரியம் முடிகிறது. ஆகவே எண்ணூறு ரூபாய்க்கும் குறைவான ஒரு வாக்குறுதியைப் பெறுவதற்காக, நம் கனவான் ஓர் இரவில் 6,815 ரூபாயை அதிகமாகக் கொடுக்கிறார். அந்த வாக்குறுதியும், இருபத்துநான்கு மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் காலாவதியாகிவிடும்.

அந்தப் புள்ளியின் மதிப்பை நிர்ணயிப்பவர் யார் என்பது இதைவிட முக்கியமான கேள்வி. எத்தனை புள்ளிக்கு எந்த ஹோட்டலில் ஓர் இரவு என்று ஒரு காலத்தில் பகிரங்கமான அட்டவணை இருந்தது. ஹில்டன் தன் அட்டவணையை 2017-இல் கைவிட்டது; மாரியட் 2022 மார்ச்சில் கைவிட்டது. இப்போது அன்றன்று அவர்கள் சொல்வதே விலை. நம் வட்டாரத்துக் கரும்பு விவசாயியை நினைத்துப் பாருங்கள். சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு வண்டி ஏற்றுமுன்பே, 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதப் பிழிதிறனுள்ள கரும்புக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய் என்பது அவருக்குத் தெரியும். பணம் கைக்கு வருவதில் தாமதம் நேரலாம், அதற்காக அவர் போராடவும் செய்யலாம். ஆனால், "கரும்பை இப்போது போட்டுவிட்டுப் போங்கள், விலையை நீங்கள் பணம் வாங்க வரும் நாளில் நாங்கள் சொல்கிறோம்" என்று ஓர் ஆலை சொன்னால், அந்த வாசலில் ஒரு கட்டுக் கரும்பையும் அவர் இறக்கமாட்டார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட விவசாயி ஏற்காத ஒப்பந்தத்தை, பட்டம் பெற்ற அதிகாரி கையெழுத்துக்கூட இல்லாமல் ஏற்றுக்கொள்கிறார். ஏற்றதோடு நில்லாமல் மற்றவர்க்கும் சிபாரிசு செய்கிறார்.

"பணம் போனால் போகட்டும், மரியாதை கிடைக்கிறதே" என்பார்கள். அந்த மரியாதைக்கும் படிக்கட்டு உண்டு. மாரியட் திட்டத்தில் வருஷத்துக்குப் பத்து இரவு தங்கினால் வெள்ளி, இருபத்தைந்து தங்கினால் தங்கம், ஐம்பது தங்கினால் பிளாட்டினம், எழுபத்தைந்து தங்கினால் டைட்டேனியம். மாதம் இருமுறை சென்னைக்குப் போய் ஒவ்வோர் இரவு தங்குபவர் வருஷக் கடைசியில் இருபத்துநான்கில் நிற்பார்; அந்த ஓர் இரவுக் குறையை ஈடுகட்டுவதற்காகவே டிசம்பர் மாதத்தில் வேலை எதுவுமின்றி ஒரு சென்னைப் பிரயாணம் கற்பிப்பவர்களும் உண்டு. வரவேற்பு மேஜையின் முன்னே நடப்பதைச் சற்றுக் கவனியுங்கள். உயர்ந்த அட்டைக்காரருக்குத் தனி வரிசை. கணினித் திரையைப் பார்த்தபடியே பெயர் சொல்லி அழைத்து, குளிர்ந்த துண்டையும் இளநீரையும் நீட்டுகிறார்கள். அடுத்த வரிசையில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாயாரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஒரு கையில் எக்ஸ்ரே உறையும் மறு கையில் ஆதார் அட்டையுமாக ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். இருவரில் உபசாரத்துக்கு உரியவர் யார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. திரைக்கு மட்டும் சந்தேகமில்லாமல் வேறொருவர் தெரிகிறார். வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையில் இன்றளவும் வந்தவர் யார், எத்தனையாவது முறை வந்தார் என்று கேளாமலே இலை போடுகிறார்கள். அது தருமம், இது வியாபாரம், இரண்டையும் ஒப்பிடலாகாது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை; வியாபாரத்தை வியாபாரமாக நடத்தட்டும், அதைப் போய் மரியாதை என்று நாம் கொண்டாட வேண்டாம் என்பதே நான் சொல்வது.

அடுத்தது நடுமையம் என்னும் வாதம். சென்னை ஒற்றை மையம் கொண்ட ஊரே அன்று. வழக்குக்காகப் போகிறவருக்கு மையம் பாரிமுனையருகே உள்ள உயர்நீதிமன்றம். கண் சிகிச்சைக்குப் போகிறவருக்கு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள சங்கர நேத்ராலயாவோ 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியோ. விசாவுக்குப் போகிறவருக்கு அண்ணா மேம்பாலத்தருகேயுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம். பிள்ளையை வேலைக்கான நேர்முகத்துக்கு அழைத்துப் போகிறவருக்குப் பழைய மகாபலிபுரம் சாலை. பெரிய ஹோட்டல்கள் கிண்டியிலும் தேனாம்பேட்டையிலும் நுங்கம்பாக்கத்திலும் நெருங்கி நிற்பது, விமானத்தில் வந்திறங்கும் கம்பெனி அதிகாரியின் சௌகரியத்தை உத்தேசித்தே. பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாக, பல்லாண்டுகளாக வேலை முடியாமல் கிடந்த நெடுஞ்சாலையில் குலுங்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிற நம்மை அவர்கள் மனத்தில் வைக்கவில்லை. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின்னர், நம் பஸ் நின்றுவிடும் இடம் நகரத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து இரவோடிரவாக ஆட்டோ பிடித்து நடுமையம் தேடி ஓடுவதைவிட, தாம்பரத்தில் தங்கி, விடிந்ததும் மின்சார ரயிலில் ஏறினால் மாம்பலமோ நுங்கம்பாக்கமோ எழும்பூரோ கோட்டையோ, எங்கே காரியமோ அங்கே இறங்கிக்கொள்ளலாம்.

இடம் என்றால் காரியத்துக்கு அருகாமை என்று உணர்ந்து நடக்கும் விடுதிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் வேலூருக்குப் போக வேண்டும். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குகின்றன. அங்குள்ள பல லாட்ஜுகளில் அறையிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்ள வசதி உண்டு. கடைப்பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்தும் இருக்கும். காலையில் மீன் வாங்கி வந்து, நோயாளிக்குக் குழைவாகச் சோறு வடித்து, எட்டு மணிச் சீட்டுக்கு நடந்தே போய்விடுகிறார்கள். எந்த நட்சத்திர ஹோட்டலின் எந்த உலோக அட்டையும் அந்த ஒரு கலயம் கஞ்சிக்கு ஈடாகாது.

விசுவாசம் யாரிடம் வைக்கிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் கம்பெனியே கட்டடத்தின் சொந்தக்காரர் என்று எண்ணுகிறவர்கள் பலர். பெரும்பாலான இடங்களில் கட்டடம் ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது. டி.டி.கே. சாலையில் பல ஆண்டுகள் பார்க் ஷெரட்டன் என்று வழங்கிய ஹோட்டலைச் சென்னைக்குப் போய்வந்தவர்கள் அறிவார்கள். பின்னர் அதே கட்டடத்துக்குக் கிரௌன் பிளாசா என்று பெயர் மாறியது. ஷெரட்டன் ஒரு கம்பெனியின் பெயர், கிரௌன் பிளாசா அதன் போட்டிக் கம்பெனியின் பெயர். அந்த வீட்டை, அதன் சமையலை, அதன் பழைய சிப்பந்திகளை நேசித்தவர் ஷெரட்டன் புள்ளியை விட வேண்டியதாயிற்று. புள்ளியை நேசித்தவர் வீட்டை விட வேண்டியதாயிற்று. கடைசியில் 2023 டிசம்பரில் அந்த ஹோட்டலே மூடப்பட்டது. பலகையிடம் வைக்கும் விசுவாசத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

இனி, சொல்லக் கூசும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். புள்ளி சேர்ப்பவர்களில் பலர் தம் சொந்தப் பணத்தில் தங்குவதில்லை. வாடகை அலுவலகத்தினுடையது, புள்ளி அதிகாரியினுடையது. நடுத்தரமான அறை போதுமென்றிருக்க, புள்ளிக்காக விலை உயர்ந்த அறையைத் தேர்ந்து, சேர்ந்த புள்ளியில் குடும்பத்தோடு கோவாவுக்குப் போவது சாமர்த்தியமாகப் பேசப்படுகிறது. அரசு ஊழியர் அலுவல் பிரயாணத்துக்கு வாங்கும் விமான டிக்கெட்டில் சேரும் மைலேஜ் புள்ளிகளை இலாகாவின் பிற அலுவல் பிரயாணங்களுக்கே உபயோகிக்க வேண்டும், சொந்தப் பிரயாணத்துக்கு எடுத்துக்கொண்டால் துறை நடவடிக்கை உண்டு என்று மத்திய நிதியமைச்சகம் உத்தரவிட்டிருக்கிறது. விமானத்துக்குச் செல்லும் நியாயம் கட்டிலுக்குச் செல்லாதா? பணம் கொடுத்தவன் ஒருவன், பரிசு பெறுபவன் மற்றொருவன் என்றால், அதை நம் பாட்டிமார் நயமான சொல்லால் குறிப்பிட்டிருக்கமாட்டார்கள்.

எதிர்க்கட்சியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தனியே பிரயாணம் செய்யும் பெண்ணுக்கு இரவு பன்னிரண்டு மணிக்குக் கேள்வி கேட்காமல் கதவு திறக்கும் இடம் வேண்டும்; சில லாட்ஜுகளில் அவளைப் பார்த்ததும் அறை இல்லை என்பதும், விரிப்பு மாற்றாமலே அடுத்தவரை அனுப்புவதும் உண்மை. அக்காரணத்துக்காக ஒருவர் அதிகப் பணம் கொடுத்தால், அது நியாயமான செலவு. ஆனால் அது சுத்தத்துக்கும் பந்தோபஸ்துக்கும் கொடுக்கும் விலை. புள்ளிக்கு அதில் சம்பந்தமில்லை. அந்தப் பந்தோபஸ்தும் பூரணமானதன்று. மாரியட் தன் வசமிருந்த ஸ்டார்வுட் ஹோட்டல்களின் விருந்தினர் பதிவுகள் களவு போனதை 2018 நவம்பரில் அறிவித்தபோது, கோடிக்கணக்கானவர்களின் விவரங்களும் லட்சக்கணக்கான பாஸ்போர்ட் எண்களும் அதில் அடங்கியிருந்தன. 2020-இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் 1.84 கோடி பவுண்டு அபராதம் விதித்தார்கள். லாட்ஜின் தடித்த பேரேட்டில் எழுதிய முகவரி அவ்வளவு தூரம் போவதில்லை. குளியலறையின் மேன்மையைப் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2004 முதல் வீராணம் ஏரித் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது, எட்டாயிரம் ரூபாய் அறையில் திறந்தாலும் இரண்டாயிரத்தைந்நூறு ரூபாய் அறையில் திறந்தாலும், வருவது நம்மூர்த் தண்ணீராகவே இருக்கக்கூடும்.

ஆகவே, அறை எடுக்குமுன் யார் பணம், என்ன காரியம், எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகும் அந்தப் பெரிய ஹோட்டலே தகுந்ததென்று தோன்றினால் தாராளமாகத் தங்குங்கள்; கொடுத்தால் புள்ளியையும் வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்ல நான் சந்நியாசியல்லன். கடைக்காரர் மீதிச் சில்லறையோடு தரும் மிட்டாயை வாங்கிக்கொள்வதில் குற்றமில்லை. மிட்டாய் தருகிறார் என்பதற்காக மூன்று மடங்கு விலை கொடுத்துச் சரக்கு வாங்குவதைச் சிக்கனம் என்று ஊருக்கு உபதேசிப்பதுதான் குற்றம்.